ரவுட்டர் கூப்பிட்டால் மட்டும்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் சுயநலம். என் மனைவியின் தம்பி, தன் மனைவியைப் பிரிந்த பிறகு, எங்கள் வீட்டில் நான் எழுதும் அறையில் இருக்கிறான். அவனுக்கு வேலை கிடைத்தால் எனக்கு அறை கிடைக்கும். ஆகவே இதை எழுதுகிறவனை முழுக்க நம்பிவிடாதீர்கள்.

2

"மனிதனும் இயந்திரமும் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டே..." (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

நேராகவே சொல்கிறேன். அவனுக்கு வரவிருந்தது வீட்டிலிருந்தபடி பார்க்கும் வேலை. நிறுவனம் இணைய இணைப்பு தரும் ரவுட்டர் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தது. அதன் வழியாக அவர்களால் அவன் கணினியை அன்று மாலைக்குள் எட்ட முடியாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. கணினி கூப்பிட்டால் ரவுட்டர் உடனே பதில் தந்தது. ரவுட்டர் கூப்பிட்டால் கணினி வாயே திறக்கவில்லை.

"ஒயரை மாத்திப் பாத்தியா மாப்ளே?"

"பாத்தாச்சு மாமா."

"ஒரு தடவை அணைச்சுப் போட்டா?"

"நீங்கதான் அணைச்சீங்க. வீட்டுக்கே கரண்ட் போச்சு."

(இங்கே என்னைச் சற்று விவரமானவனாகக் காட்டி ஒரு பத்தி இருந்தது. மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். அடித்துவிட்டேன்.)

3

கடைசியில் என் மனைவிதான் வந்து உட்கார்ந்து, கணினியின் அமைப்புகளை வரிவரியாகப் படித்தாள். புதிய இணைப்பில் சேரும்போது கணினி ஒரு கேள்வி கேட்குமாம்: இது வீடா, பொது இடமா? பொது இடம் என்றால், யார் கூப்பிட்டாலும் அது பதில் சொல்லாது.

"பொது இடம்னு போட்டிருக்கு. யாரு போட்டது?"

"நான்தான்க்கா."

"ஏன்டா?"

"இது உங்க வீடு. என் வீடுன்னு எப்படிப் போடறது?"

4

முடிவு ஒன்று: அக்கா அழுகிறாள். (அழவில்லை. என்னை முறைத்தாள்.)

முடிவு இரண்டு: நான் எழுந்து அவன் தோளைத் தொட்டு, கண்கலங்க... (சத்தியமாக இல்லை.)

நடந்தது இதுதான். அவள் மவுஸை என் பக்கம் தள்ளினாள். "நீங்க மாத்துங்க."

"யார் மாத்தினா என்ன?"

"நீங்க மாத்துங்க."

'வீடு' என்பதை அழுத்தினேன். ரவுட்டர் கூப்பிட்டது, கணினி பதில் சொன்னது. அவன் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "வேலை வந்ததும் வேற இடம் பாத்துடறேன் மாமா."

இங்கேயே இரு என்று சொல்லத் தோன்றியது. அறையும் வேண்டியிருந்தது. நான் சொல்ல வேண்டியதை நீங்களே எழுதிக்கொடுங்கள். உங்களுக்கு அந்த அறை தேவையில்லை. கொஞ்சம் சீக்கிரம். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.