முழுசாகக் கேட்க ஓர் ஆள்

அவசர அழைப்பு மையத்தில் அவளை ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மறுமுனையில் வீடே பற்றி எரிந்தாலும் அவள் குரல் இம்மி ஏறாது, இறங்காது. "ஐஸ் வைக்கறவங்களை நிறைய பார்த்திருக்கேன், ஐஸாவே உக்காந்திருக்கறவங்களை இங்கதான் பாக்கறேன்" என்று ஷிப்ட் மேலாளர் புதிதாகச் சேருபவர்களிடம் அவளைக் காட்டிச் சொல்வார். பன்னிரண்டு வருட வேலை. மணி அடித்த மூன்று நொடிக்குள் எடுக்க வேண்டும். முதல் கேள்வி இடம். என்ன நடந்தது என்பது இரண்டாவது கேள்விதான். நடுவில் இணைப்பு அறுந்துபோனாலும் வண்டியை அனுப்ப இடம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

கிடங்கு ஒன்றில் தீப்பிடித்த அழைப்புக்குப் பிறகு அந்த இரண்டாவது கேள்வி அவள் வாயில் வரவில்லை. "அவசர உதவி. எந்த இடம், சொல்லுங்க" வரை கடகடவென்று வரும். அவர்கள் இடத்தைச் சொல்லி முடித்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று அலறுவார்கள். பக்கத்து இருக்கைக்காரி அவசரமாக அந்த அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். மூன்று நாள் இப்படியே ஓடியது. நான்காம் நாள் மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஆறு வார விடுப்பு கொடுத்தார். அதற்குள் தகுதியான ஒருவரிடம் சிகிச்சை தொடங்கியதற்குக் கடிதம் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் ஆவண அறைக்கு மாற்றம்.

ஆவண அறையைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தீயில் மாட்டிக்கொண்டு அழைத்த அந்தக் கிடங்குக் காவலாளியோடு பேசிய பதினோரு நிமிடங்களைத்தான் பொறுக்க முடியவில்லை. பல் தேய்க்கும்போது ஓடின, துணி மடிக்கும்போது ஓடின, குழாயை மூடிய பிறகும் ஓடின. யாரிடமாவது முதலிலிருந்து கடைசிவரை சொல்லி இறக்கி வைக்காவிட்டால் தன் புத்தி தன்னிடம் நிற்காது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் யாரும் கடைசிவரை கேட்கவில்லை.

விசாரணைக் குழுவினர் ஒலிப்பதிவைக் கேட்டார்கள், அவளைக் கேட்கவில்லை. விதிப்படி பேசியிருக்கிறாள் என்று எழுதினார்கள். ஒருவர் கைகூடக் கொடுத்தார். அலுவலகமே இலவசமாக ஏற்பாடு செய்த ஆலோசகர் கட்டம் போட்ட சட்டை அணிந்த இளைஞர். படிப்பு முடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் ஆறாவது நிமிடத்துக்கு வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். அவள் பழக்கதோஷத்தில், "மெதுவா மூச்சு விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்று அவரைத் தேற்றினாள். தண்ணீர் குடித்துவிட்டு அவர், "உங்க மேல தப்பே இல்ல மேடம்" என்றார். மீதி ஐந்து நிமிடம் அப்படியே அவளோடு வீட்டுக்குத் திரும்பியது.

அரசு மருத்துவமனை டாக்டருக்கு அனுபவம் நரைத்துக் கிடந்தது. நேரம்தான் இல்லை. வெளியே அறுபது பேர். "தூக்கம் வருதா? பசி? மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, தப்பு உங்களுது இல்ல" என்று சொல்லிக்கொண்டே மாத்திரையை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். வீட்டில் கணவன் எட்டாவது நிமிடம்வரை தாக்குப்பிடித்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன பண்ணுவ? விட்டுடு. உன் மேல என்ன தப்பு?" என்றான். அதற்குமேல் அவளால் நகர முடியவில்லை. ஒன்பதாவது நிமிடம் அப்படிப்பட்டது. அதைக் கேட்டபின் இவர்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. கேட்காமலே சொல்லிவிட்டவர்களின் சமாதானத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

நாத்தனார் மட்டும் தைரியமாக முன்வந்தாள். "பேசறதுக்குப் போய்க் காசா? என்கிட்ட சொல்லச் சொல்லுடா, நான் சும்மாவே கேக்கறேன்." கேட்பாள், உண்மைதான். மறுநாள் தெரு முழுக்கக் கேட்கும்.

நகரத்தில் பெயர்பெற்ற தெரபிஸ்ட்கள் இருந்தார்கள். எல்லா இடத்திலும் போனில்தான் முன்பதிவு. ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எண்களை அழுத்தினாள். எதிர்முனையில் "ஹலோ, சொல்லுங்க" என்றார்கள். அவள் வாய் தன்பாட்டுக்கு, "எந்த இடத்திலேர்ந்து பேசறீங்க?" என்று கேட்டது.

"என்னங்க இது, நீங்கதானே போன் பண்ணீங்க?" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கணவன் பேசிப் பார்த்தான். "சம்பந்தப்பட்டவங்கதான் பேசணும் சார்" என்றார்கள். "பேச முடியலன்னுதானே சார் உங்ககிட்ட வர்றதே!" என்று அவன் கத்தியது அவர்கள் காதில் விழுவதற்குள் இசை போட்டுவிட்டார்கள்.

ஆகவே நேரிலேயே போக ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் ஒன்பது வாசல் ஏறி இறங்கினாள். எங்கும் சோபா, மீன்தொட்டி, வாசனை மெழுகுவத்தி. ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் கேட்ட தொகையில் அவள் வீட்டு வாடகையில் பாதி அடங்கும். ஒன்பதாவது இடத்தில் இருபத்தைந்து வருட அனுபவம் உள்ள ஒருவர், குறைந்த கட்டணத்தில் வாரம் இரண்டு பேரைப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

"இப்ப ரெண்டு இடமும் ஃபுல்லுங்க. நாலு மாசத்துல ஒண்ணு காலியாகலாம். பேரை எழுதிக்கட்டுமா?" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"அதுக்குள்ள நானே காலியாகாம இருந்தா எழுதிக்கோங்க."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "ரொம்ப முடியலன்னா தயங்காம இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க அக்கா. இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க."

அட்டையில் அச்சடித்திருந்தது அவள் வேலை செய்யும் மையத்தின் எண். கூப்பிட்டால் பக்கத்து இருக்கைக்காரி எடுப்பாள். படியில் இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேலே ஏறவும் தோன்றவில்லை, கீழே இறங்கவும் தோன்றவில்லை. துடைப்பத்தோடு வந்த பெண், "கொஞ்சம் காலை எடுத்துக்கம்மா" என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. விடுப்பில் நான்கு வாரம் போயிருந்தது.

கணவனுக்கு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் வேலை. மறுநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்து, கருவிப் பையைக்கூட இறக்காமல் நின்றான்.

"இந்தா பாரு, கவுன்சிலிங் சொல்லித்தர்ற காலேஜ் ஒண்ணு இருக்குல்ல, அங்க ஃப்ரிட்ஜ் பாக்கப் போனேன். முப்பது வருஷ சர்வீஸ் உள்ள மேடம் ஒருத்தங்க. அவங்ககிட்ட உன் விஷயத்தைச் சொன்னேன்."

"வேலைக்குப் போன இடத்துல என் கதையைப் பேசிட்டு வந்தீங்களா?"

"ஃப்ரிட்ஜைப் பார்ட் பார்ட்டாக் கழட்டித் தரையில பரப்பி வச்சுட்டுத்தான் கேட்டேன். பதில் சொல்லாம எங்க போவாங்க? அவங்க சாப்பாடு உள்ளல்ல இருக்கு."

ஏற்பாடு இதுதான். படித்துக்கொண்டிருப்பவர்கள்தான் சிகிச்சை கொடுப்பார்கள். கட்டணம் ஒரு வார பஸ் செலவுக்குமேல் போகாது. அறையின் ஒரு சுவரில், பின்னாலிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடி இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து மேடம் பார்ப்பார், கேட்பார். கடிதத்தில் மேடமே கையெழுத்துப் போடுவார்.

"மறுபடியும் கத்துக்குட்டியா?" என்றாள் அவள்.

"கத்துக்குட்டிக்குப் பின்னாடி முப்பது வருஷம் நிக்குது. நமக்குக் கட்டுப்படியாகற முப்பது வருஷம் இப்படித்தான் கிடைக்கும். போய்த்தான் பாரேன்."

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு இரண்டாவது மாடியில் அந்த அறையில் உட்கார்ந்தாள். இரண்டு நாற்காலி, நடுவில் சின்ன மேசை, அதன்மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, ஓர் இன்டர்காம். எதிரே முப்பது வயது மதிக்கத்தக்க பயிற்சி மாணவி. கண்ணாடிக்குப் பின்னால் மேடம் இருக்கிறார், தேவைப்பட்டால் இன்டர்காமில் தனக்கு யோசனை சொல்வார் என்று மாணவி ஒப்புதல் படிவத்தைக் காட்டி விளக்கினாள். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் கலைந்த தலையோடு அவளேதான் தெரிந்தாள்.

சொல்ல ஆரம்பித்தாள். பழைய ஆலைக்குப் பின்புறம், மூன்றாம் எண் கிடங்கு, மேல்தளம், என்று இடத்தைச் சொன்னாள். காவலாளி தனியாக மாட்டிக்கொண்டது. கீழே படிக்கட்டு பூராவும் புகை. அவருக்கு இருமல். மகள் கல்யாணத்துக்கு விடுப்பு சொல்லியிருப்பதாக இருமலுக்கு நடுவே அவர் சொன்னது. ஐந்தாவது நிமிடம் தாண்டியபோது மாணவியின் கண்களில் நீர் தளும்பிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவை இறுகப் பிடித்திருந்தாள்.

அதைப் பார்த்தவளுக்கு உள்ளே எல்லாம் சரிந்தது. இங்கேயும் இதே கதைதான். இனி ஏறுவதற்கு வாசல் பாக்கியில்லை. நாக்கு தானாகவே, "மெதுவா மூச்சு விடுங்கம்மா. நான் இங்கதான்..." என்று தொடங்கியது.

இன்டர்காம் அடித்தது.

மாணவி கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். பன்னிரண்டு வருடத்துக் கை. "அவசர உதவி. எந்த இடம், சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் தான் செய்தது உறைத்தது. முகம் கொதித்தது. ரிசீவரை வைக்கவும் முடியாமல் காதோடு பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் கொஞ்சம் கரகரத்த, அவசரமில்லாத குரல்.

"ரெண்டாவது மாடி. கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கற சின்ன ரூம். ஃபேன் ஓடாது."

தொண்டை அடைத்தது. குரல் காத்திருந்தது. ஹலோ என்று கத்தவில்லை.

"இடம் சொல்லிட்டேன். அடுத்து என்ன கேப்பீங்க?" என்றது குரல் சற்றுப் பொறுத்து.

"என்ன..." என்றாள். மறுபடி தொடங்கினாள். "என்ன ஆச்சுன்னு கேப்பேன்."

"நானும் அதைக் கேக்கத்தான் போன் பண்ணேன். மாணவியை விட்டு உங்களைக் கேக்கச் சொல்லலாம்னு பார்த்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க. ஆறாவது நிமிஷத்துல நிக்கறீங்க. சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஆறு. ஏழு. அன்று அவள் முன்னாலிருந்த திரையில் தீயணைப்பு வண்டியின் புள்ளி கிடங்குக்கு ஒரு திருப்பம் தள்ளி அசையாமல் நின்றது. குறுக்கே பழுதாகிக் கிடந்த லாரி விஷயம் அப்போது யாருக்கும் தெரியாது. எட்டு. மறுமுனையில் யாரும் குறுக்கே பேசவில்லை, மூக்கை உறிஞ்சவில்லை.

"ஒன்பதாவது நிமிஷம் அவர் கேட்டாரு மேடம். அந்தக் கடைசில ஒரு ஷட்டர் இருக்கு, போய்த் தூக்கிப் பாக்கட்டுமான்னு. புகைல நடக்க விடக்கூடாதுன்னு எங்க விதி. நான் வேண்டாம்னு சொன்னேன். அதோட விட்டிருக்கலாம். 'வந்துட்டாங்க, கதவுகிட்ட நிக்கறாங்க'ன்னு சொன்னேன். யாரும் நிக்கல. பன்னெண்டு வருஷத்துல லைன்ல நான் பொய் சொன்னதே கிடையாது."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "'அப்படியாம்மா? சரி, அப்ப உக்காந்துக்கறேன்'னாரு."

எதிரே மாணவி கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஷட்டர் பூட்டியிருந்துச்சா?" என்றது குரல்.

"தெரியாது. ரிப்போர்ட்ல அதைப் பத்தி யாரும் எழுதல." அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மேடம், என் மேல தப்பா?"

இல்லை என்ற வார்த்தைக்காக அவள் உடம்பு முழுக்கத் தயாராகிவிட்டது, அடி விழப்போகும்போது தயாராவதைப் போல.

"தெரியல" என்றார் மேடம். "எனக்கு இன்னும் தெரியல. பதினோரு நிமிஷத்துல ஒன்பதுதானே சொல்லியிருக்கீங்க. மீதி ரெண்டை என்கிட்ட சொல்ல வேண்டாம். போனை வச்சிட்டு எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. அவங்க அழுவாங்க, அழட்டும். நீங்க தேத்த வேண்டாம், அது என் வேலை. வாராவாரம் உங்ககூட அவங்கதான் உக்காரப் போறாங்க. நான் கேட்டுக்கிட்டிருப்பேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவள் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தாள். முதல் தடவை சரியாக உட்காரவில்லை, மறுபடி எடுத்து வைத்தாள். மாணவி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் முகமெல்லாம் ஈரம். ஆனால் பார்வை விலகவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

"பத்தாவது நிமிஷத்துல" என்று அவள் ஆரம்பித்தாள், "அவரோட இருமல் நின்னுச்சு."