கண் தேவைப்படாத ரோடு

திருவண்ணாமலைக்கும் செங்கத்துக்கும் நடுவே பஸ் ஓட்டக் கண் தேவையில்லை. இது டிரைவர் அருணகிரியின் சித்தாந்தம். பள்ளம் எங்கே என்று முதுகெலும்புக்குத் தெரியும். புளியமரம் எங்கே என்று காற்றே சொல்லும். கண் என்பது கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்கும் பாசஞ்சர் வேடிக்கை பார்ப்பதற்கும் ஆண்டவன் கொடுத்தது என்று டீக்கடையில் கொஞ்சமும் சிரிக்காமல் சொல்வான்.

சித்தாந்தம் பிறந்ததே முருகையனைக் கேலி செய்யத்தான். அதே கம்பெனியில் சீனியர் டிரைவராக இருந்த முருகையன், கண் மங்குவதை யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே தானாகப் போய் முதலாளியின் மேசையில் சாவியை வைத்தவர். முதலாளி ஒரு துண்டு போர்த்தி, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். தனியார் பஸ்ஸில் பென்ஷன் அவ்வளவுதான். இப்போது முருகையன் கோபுர வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறார். ஜோடி மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்குகிறார்.

"கர்ணன்கூட கேட்டப்பறம்தான் கவசத்தக் குடுத்தான். இவுரு கேக்காமயே குடுத்துட்டாரு" என்று அருணகிரி சொன்னால் பஸ் ஸ்டாண்டே சிரிக்கும்.

பிறகு அருணகிரிக்குச் சர்க்கரை வந்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, பொழுது சாய்ந்தால் வண்டி எடுக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டில் மனைவி கன்னியம்மாளிடம், "தூசாம்" என்றான். அன்றிலிருந்து தண்ணீர்ச் சொம்பை அவன் கையிலேயே கொடுத்தாள்.

கண்டக்டர் காசியும் கேட்கவில்லை. ஆனால் இருட்டினால் முன்னால் வந்து நின்றுகொண்டு, "மாடுண்ணே", "கட்ட வண்டிண்ணே, லைட் இல்ல" என்று பாட்டு முணுமுணுப்பதுபோல் சொல்லிக்கொண்டே வருவான்.

"எனக்கே ரோடு காட்டறியாடா?" என்பான் அருணகிரி. பிரேக்கையும் மிதித்துவிடுவான்.

கார்த்திகை தீபத்தன்று செங்கத்திலிருந்து வந்த வண்டியில் நிற்கவும் இடமில்லை. ஊருக்கு முன்னால் ஒரு வளைவில் நிறுத்தி, மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் டிரைவர்தான் முதல் அரோகரா சொல்ல வேண்டும், பிறகுதான் பாசஞ்சர்கள். அந்த ரூட்டில் அது வழக்கம்.

அருணகிரி நிறுத்தினான். மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல். முதுகுக்குப் பின்னால் பஸ் முழுக்கக் கைகூப்பிக் காத்திருந்தது.

"இன்னும் ஏத்தலபோல" என்றான்.

முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்தவள் சிரித்தாள். "யோவ் டிரைவரே, வெளாடாத. அதோ ஜெகஜோதியா எரியுது. சொல்லுய்யா, எல்லாம் காத்துக்கினு கெடக்குது."

பஸ்ஸே சிரித்தது. அருணகிரி எப்போதும் தமாஷ் பேசுகிறவன்தானே.

"அரோகரா" என்றான். கூரை அதிர, பின்னாலிருந்து அது திரும்பி வந்தது.

முன்னால் ரோடு முழுக்க ஜனங்கள் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். குழந்தையின் அழுகை கேட்டது, வளையல் சத்தம் கேட்டது. ஒரு தலைகூடத் தெரியவில்லை. கியரில் வைத்த கையை அருணகிரி கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு இஞ்சினை அணைத்தான்.

"இன்னாண்ணே?" என்று காசி ஓடி வந்தான்.

"பின்னாடி நம்ம கம்பெனி வண்டி வருது இல்ல? இவங்கள அதுல ஏத்திவுடு."

"ஊரு கிட்டதாண்ணே. நான் முன்னால நின்னு சொல்றேன், மெதுவா போயிடலாம்."

"மொதலாளி இன்னிக்கு ஊட்லதான இருப்பாரு?"

காசிக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே... யாரும் ஒண்ணும் கேக்கலியேண்ணே" என்றான்.

அருணகிரி சாவியை உருவிக் காக்கிச் சட்டை நுனியில் துடைத்தான். பஸ்ஸின் உடம்பைத் தடவிக்கொண்டே இறங்கி, கூட்டத்துக்குள் போனான். எல்லோரும் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தபடி நடந்தார்கள். அவன் மட்டும் தலையைக் குனிந்து, முன்னால் போகிறவர்களின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தான். உள்ளங்கையில் சாவி இன்னும் சூடாக இருந்தது.