எந்த இதழிலும் இல்லாத ஊர்

மன்றாடி வாங்கிய ஒரு வார விடுப்பில் பாதி, கணவர் பயண இதழ்களைப் புரட்டியதிலேயே போய்விட்டது அந்த நர்ஸுக்கு. சாப்பாட்டு மேசை முழுக்கப் பளபளக்கும் அட்டைகள். தட்டு வைக்க இடமில்லை.

"ஏரிக்குப் போலாம்னீங்களே?"

"மழையில போனாத்தான் அழகுன்னு இது சொல்லுது. மழைக்காலத்துல அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதேன்னு அது சொல்லுது. எதை நம்புறது?"

"சரி, மலை?"

"கூட்டமே இல்லாத இடம்னு எல்லாத்துலயும் போட்டிருக்கான். அப்புறம் கூட்டம் வராம இருக்குமா?"

வார்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் அசராதவளுக்கு, இந்த ஒரு மனிதரிடம் பொறுமை போய்விட்டது. கட்டிவைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். ஒரு இதழைக் கையில் சுருட்டிக்கொண்டு அவரும் பின்னாலேயே ஓடிவந்தார்.

கிளம்ப நின்ற பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் ஊர்ப் பலகையைப் பார்த்துவிட்டுப் பக்கங்களைப் பரபரவென்று புரட்டினார்.

"ஏம்மா, இந்த ஊரைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே!"

"நல்லதாப் போச்சு. போகாதேன்னும் யாரும் எழுதலைல்ல? உக்காருங்க."

இறங்கிய ஊரில் பெரிதாக ஒன்றுமில்லைதான். ஒரு சின்ன விடுதி, ஒரு ஆறு, கரையில் நிழல். "அப்பவே சொன்னேனே" என்று அவர் ஆரம்பிப்பதற்குள், அவள் தண்ணீரில் காலை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, அவரும் கால்சட்டையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"தண்ணி சில்லுனு இருக்கும் போல."

எரிச்சல் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.