நாற்பத்தேழாம் நம்பர்

நைரோபியில், அந்தப் பெரிய மருத்துவக் கருவிக் கம்பெனியின் மூன்றாம் மாடியில், நசிமியு மண்டாசிப் பணியாரத்தை டீயில் தோய்த்துத் தின்றபடி அன்றைக்கு ஆறாவது புகாரை முடித்துவைத்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் ஒன்பது வருஷமாக அவள் வேலை. பாரபட்சம் வரக்கூடாதாம், ஆஸ்பத்திரி பெயரையும் நர்ஸ் பெயரையும் மறைத்துத்தான் கொடுப்பார்கள். டிரிப்ஸ் மருந்தை அளவாக ஏற்றும் பம்பில் கோளாறு என்று வந்தால், "கருவியில் குறையில்லை, இயக்கியவரின் தவறு" என்று எழுதி, கீழே தன் ஊழியர் எண் 47-ஐப் போடுவாள். கருவியை இன்ஜினியர்கள் சோதித்துவிட்டார்கள் என்று மேலாளர் முட்விரி சொல்லியிருந்தார். அந்த மனுஷன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. அவள் மகளுக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவராயிற்றே!

கீழே யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். இறங்கிப் போனால், புங்கோமாவில் நர்ஸாக இருக்கும் தங்கை நஃபுலா, பஸ்ஸில் வந்த கசங்கலோடு நிற்கிறாள்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம?"

"வேலை போச்சுக்கா. நாலு மணி நேரத்துல ஏற வேண்டிய மருந்து பத்தே நிமிஷத்துல இறங்கிடுச்சு. பிரசவக்காரி, ஏதோ நல்ல நேரம், பொழைச்சுக்கிட்டா. நான் சரியாத்தான் வெச்சேன், சத்தியமா! உங்க கம்பெனிக்காரங்க என் தப்புன்னு எழுதிட்டாங்க. லைசென்ஸையும் பிடுங்கப் போறாங்களாம்." கடிதத்தை நீட்டினாள். "எழுதினது யாரோ நாப்பத்தேழாம் நம்பராம். அந்தப் பாவி யாருன்னு காட்டுக்கா. கால்ல விழுந்தாவது கேக்குறேன்."

நசிமியு கடிதத்தின் கீழே தன் எண்ணைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையால் மூடிக்கொண்டு, "இரு, வர்றேன்" என்று மாடிக்கு ஓடினாள்.

"சார், அந்தப் பம்பை நிஜமாவே சோதிச்சாங்களா?"

முட்விரி எழுந்து கதவைச் சாத்தினார். "சோதிச்சாங்களே. உள்ள இருக்கிற கொக்கி தேய்ஞ்சா மருந்து கொட்டுதுன்னு மார்ச்லயே ரிப்போர்ட் வந்துடுச்சு. புது மாடல் வர்ற வரைக்கும் சமாளிக்கணும்ல? நாமெல்லாம் ஒரே குடும்பம்மா."

"என்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா எழுதியிருப்பியா?" சிரித்தார். "வெளிய போய் உளறாதே. இந்தப் பம்புக்காகப் போன முந்நூறு கடிதத்துலயும் உன் நம்பர்தான் இருக்கு. என் பேரு ஒண்ணுலயாவது இருக்கா, காட்டு பாப்போம்."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். அந்தப் பழியைச் சுமந்துபோய் நர்சுகள் தலையில் இறக்கிவைத்த கை தன்னுடையது. தன் மேசைக்குப் போய், கடித நகல்கள் அத்தனையையும் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினாள். தங்கை முன்னால் நின்று அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

நஃபுலா அதில் இருந்த எண்ணைப் படித்தாள்.

"நீயாக்கா?"

"எனக்குத் தெரியாதுடி. மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற கவர்மெண்ட் ஆபீசுக்குப் போவோம், வா. எல்லாத்தையும் சொல்லிடுறேன். என் வேலை போனாலும் போகட்டும்."

நஃபுலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டைத் தொட்டாள். "எனக்காக ஓடுற. மிச்சம் இருக்கிற நர்சுங்களுக்கு இங்க அக்கா யாரும் இல்லையேக்கா."

நசிமியு தலைகுனிந்தாள். "கண்ணால பாக்காததுக்குக் கையெழுத்துப் போடுறதும் பொய் சாட்சிதான்டி. எவ்வளவு நல்லவன் சொல்லியிருந்தாலும் சரி, பொய் சாட்சிதான்."