வெள்ளிக்கிழமை நோட்டு

"கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தாரு ஆன்டி?" ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாமினி மறுபடியும் கேட்டார்.

குமுதா பக்கத்தில் நின்ற மகன் குகனைப் பார்த்தாள். கைப்பைக்குள் கணவரின் சின்ன நோட்டு கனத்தது.

"ஒம்போது மணிக்கு. நான் பாசாருக்குப் போறப்ப நல்லாத்தான் இருந்தாரு."

அவள் சொன்னது பொய்.

தைப்பூசத்துக்கு மாலை போட்டால் அவள் கணவர் ரெங்கசாமிக்கு வெள்ளிக்கிழமை மௌன விரதம். மற்ற நாளில் பண்டமாரான் ஊருக்கே கேட்கப் பேசுகிற மனுஷன், அன்று விளக்கேற்றும் வரை வாய் திறக்கமாட்டார். கோப்பி வேண்டுமென்றாலும் நோட்டில்தான் எழுதிக் காட்டுவார். இன்று காலை ஏழு மணிக்கும் எழுதினார். ஒரு கோடு மட்டும் வளைந்து வளைந்து பக்கத்தின் அடிவரை இறங்கியது. அதை அவளிடம் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"என்னங்க இது, கோழி கிளறுன மாதிரி? பசி கண்ண மறைக்குதா?" என்று சிரித்தாள் பாவி மகள். வீடு இரண்டு மணி நேரம் அமைதியாக இருந்தது. அவளுக்கு அது சுகமாகக்கூட இருந்தது. பாசாரிலிருந்து காய்கறிப் பையோடு பத்து மணிக்குத் திரும்பியபோது அவர் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உலுக்கியும் எழவில்லை.

"மூளைக்குப் பின்னால போற பெரிய ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கு," என்றார் டாக்டர். "தொடை வழியா டியூப் விட்டு இழுத்துப் பாக்கலாம். ஆனா கோமாவுல இருக்காரு. நேரம் ஆக ஆக மூளை செத்துக்கிட்டே போகும், கியாரண்டி சொல்ல முடியாது."

"செய்ங்க டாக்டர்," என்றான் குகன். "ரெண்டு மணி நேரந்தானே ஆச்சு. அப்பா எழுந்துருவாரு."

கட்டி முழுதாக வந்துவிட்டது, ரத்தமும் ஓடியது. ரெங்கசாமிதான் கண் திறக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் போய்ச் சேர்ந்தார்.

"ரெண்டே மணி நேரம் அங்கிள்! டாக்டருங்கதான் கோட்ட விட்டுட்டாங்க. நாளைக்கே கம்ப்ளேன் பண்றேன்." துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் குகன் இதையே சொன்னான். கேட்கும்போதெல்லாம் குமுதாவுக்கு அந்தப் பெண் டாக்டரின் களைத்த முகம் கண்முன் வந்து நின்றது.

திங்கட்கிழமை குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டார்கள்.

"அப்பா நோட்டு எங்கம்மா? கூட வெச்சிடுவோம்."

மூடியபடியே கொடுத்தால் போதும். மின்சுடலையில் எல்லாம் ஒன்றாய்ச் சாம்பலாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. குமுதா நோட்டை எடுத்தாள். அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்.

குகன் பார்த்தான். "எப்ப எழுதினது?"

"அன்னிக்குக் காலையில. ஏழு மணிக்கு." என்றாள் குமுதா. "விரதத்துல பேசலன்னு நெனச்சிட்டேன்டா."

வெளியே வண்டிக்காரர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். குகன் அந்தக் கோட்டை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினான். பிறகு நோட்டை மூடித் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அதில் செருகியிருந்த பேனாவுக்கு மூடியில்லை. மேசைக்கடியில் குனிந்து தேடி எடுத்து, வெள்ளைச் சட்டையில் மை படாதபடி இறுக மூடி, அப்பாவின் பாக்கெட்டில் செருகினான்.