நாலு கவுண்டி லீக்கின் கடைசி அவுட்

நாலு கவுண்டி லீக் பிறந்து எழுபத்தோராம் நாள் செத்தது. நாலு ஊர், நாலு பேஸ்பால் அணி. கிம்ப்ரோ அணி ஜூன் மாதம் கோதுமை அறுவடைக்கு ஆள் பிடிக்க வந்த லாரியில் மொத்தமாக ஏறிப் போய்விட்டது. ஆஷ்வெல் மைதானத்தின் வேலியை ஒரு புழுதிக் காற்று பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த கவுண்டியில் போட்டது. மிஞ்சியது மேபிலும் டில்லர்டும். இரண்டே ஊர் மாறி மாறி ஆடினால் அது லீக் இல்லை, சக்களத்திச் சண்டை. லீக் தலைவர் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தவர். ஜூலை பதினாறாம் தேதி ஆட்டத்தோடு எல்லாம் முடிந்தது என்று அவரே கைப்பட எழுதி அனுப்பினார். தொழில் பழக்கம், கடிதம் நன்றாகவே வந்திருந்தது.

மேபிலில் கடிதம் படித்தவர்கள் லீக்கை நினைத்துக் கவலைப்படவில்லை. எல்மரின் தாடியை நினைத்துக் கவலைப்பட்டார்கள்.

எல்மர் ப்ரூவிட் ஊரின் ஒரே நாவிதன். மேபில் அணியில் மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்ச்சரும் அவன்தான். அவன் தங்கை லொரீனைக் கட்டியவன் டெல்பர்ட் ஸ்வோப், அணியின் பந்தெறிகாரன். மே மாதம் முதல் ஆட்டத்தில் டெல்பர்ட் தோற்றபோது, கடை நிறைய ஆள் இருக்க, எல்மர் சவரக் கத்தியை உயர்த்திச் சத்தியம் செய்தான். "என் மாப்ள ஒரு ஆட்டம் ஜெயிக்கிற வரைக்கும் இந்த மூஞ்சில கத்தியும் படாது, கத்திரியும் படாது." ஒரு வாரத்துச் சமாசாரம் என்று நினைத்தான். டெல்பர்ட் வரிசையாகப் பதினாலு ஆட்டம் தோற்றான். ஊரில் பாதிப் பேர் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள். சொன்ன சொல்லைச் சொன்னவனைவிட அவர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருப்பார்கள்.

தாடி நெஞ்சு வரை வந்துவிட்டது. மட்டை வழுக்காமலிருக்கப் பூசும் பைன் கீலைக் கையிலிருந்து துடைக்க எல்மருக்குத் துணி கிடையாது, தாடிதான். சூரியகாந்தி விதைத் தோல், பல்குச்சி, ஒரு தடவை ஒரு உயிருள்ள வெட்டுக்கிளி, எல்லாம் அதில் ஒட்டியிருந்தன. அதைப் பார்த்துவிட்டு எவன் சவரத்துக்கு உட்காருவான்?

"மச்சான், அவ்வளவு மோசமா எறியிறேன்னா வேற ஆள எறியச் சொல்லுங்களேன்" என்று டெல்பர்ட் ஒரு நாள் கேட்டுப் பார்த்தான்.

"அணிய ஏத்திட்டுப் போற லாரி உன்னுது. வேற எவன் எறிவான்?"

இதுதான் நிலைமை. இன்று, ஜூலை பதினாறு, ஜெயித்தால் உண்டு. இல்லையென்றால் இனி ஜெயிக்க ஆட்டமே இல்லை. செத்த லீக்கில் பதினைந்து தோல்வியும் பூஜ்ய வெற்றியும் என்று டெல்பர்ட் பெயர் நிற்கும். சாகும் வரை ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டில் அந்தத் தாடிக்கு எதிரே உட்கார வேண்டும். குழம்பில் நனைவதை நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

அன்றைக்கென்று பந்து அவன் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒன்பதாவது சுற்று, அதுதான் கடைசி. மேபில் ஆறு, டில்லர்ட் ஐந்து. டில்லர்டுக்கு இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ரன்னுக்கு ஓடத் தயாராகத் தளங்களில். இன்னும் ஒரு அவுட் போதும். மட்டையோடு வந்தவன் பன்றிப்பண்ணைக்காரன், தோள் மட்டும் ஒரு கதவு அகலம்.

அப்போதுதான் சூரியன் வேலிக்கு வந்தது. மேபில்காரர்கள் காளை அடக்கும் ரோடியோ ஆட்டத்துக்குக் கட்டிய பழைய பார்வையாளர் மேடையை இடிக்க மனமில்லாமல் அதற்கு முன்னால் மைதானம் போட்டவர்கள். அதனால் மட்டைக்காரனும் கேட்ச்சரும் மேற்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும். வேலியில் வரைந்திருந்த கௌபாயின் தொப்பியில் சூரியன் உட்கார்ந்தால் அம்பயர் ஆட்டத்தை நிறுத்துவார். இருபது நிமிஷம் சூரிய இடைவேளை. எல்லாரும் எழுந்து போய், பீச் பழம் வைத்துச் சுட்ட பை தின்பார்கள். அதற்கென்றே வருகிறவர்கள் உண்டு.

அம்பயர் ஹாப்ஸன் கையைத் தூக்கினார். டில்லர்ட் அணித் தலைவர் க்ரோல் ஓடி வந்தார்.

"நிறுத்தாதீங்க. எங்க பஸ்ஸுக்கு ஒத்தை விளக்குதான் எரியுது. இருட்டுறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்."

"உங்க ஆளுக்குக் கண்ணு தெரியாதேய்யா."

"வெளிச்சத்துல மட்டும் என்னத்தக் கிழிச்சான்? ஆடட்டும்."

ஹாப்ஸன் கையை இறக்கினார். டெல்பர்ட் எறிந்தான். பன்றிப்பண்ணைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு, பாம்பை அடிப்பதுபோல மட்டையை வீசினான். பட்டுவிட்டது. பந்து நேரே வானத்துக்குப் போனது.

"உங்களுதுதான் மச்சான்," என்றான் டெல்பர்ட்.

எல்மர் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அண்ணாந்தான். அவன் கண்ணுக்கு வானம் முழுக்கச் சூரியன். கையுறையை விரித்துக்கொண்டு கோழி பிடிக்கிறவன்போல முன்னும் பின்னும் ஓடினான். 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு பந்தைக் காணோம்.

தளங்களில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்துவிட்டார்கள். எல்மர் தரையில் மண்டி போட்டுப் புல்லைத் தடவினான். "எங்கடா போச்சு?" என்றான் யாரிடமோ. பன்றிப்பண்ணைக்காரனும் குனிந்து தேட ஆரம்பித்தான்.

டெல்பர்டுக்கு முதுகில் சூரியன். அவனுக்குத் தெரிந்தது. தாடிக்குள், கீல் பிடித்த முடிக்கு நடுவே, கூட்டில் முட்டை வைத்த மாதிரி பந்து.

"மச்சான், அசையாதீங்க."

"ஏன், பாம்பா?"

"பந்து. உங்க தாடியில இருக்கு. தரையில விழாமப் பாத்துக்குங்க."

எல்மர் அப்படியே சிலையானான். க்ரோல் வந்து எட்டிப் பார்த்தார். "இது செல்லாது. முகமூடியில, கவசத்துல பந்து மாட்டினா அவுட் இல்ல. தாடியும் அப்படித்தான். ரெண்டு ரன் எங்களுக்கு."

இரண்டு ரன் போனால் டில்லர்ட் முந்திவிடும். மேபிலுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவன் டெல்பர்ட். அவன் மட்டையில் கடைசியாகப் பந்து பட்டது மே மாதம்.

"தாடி சாமானா, ஒடம்பா?" என்று ஹாப்ஸன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கோடை முழுக்க நாலு ஊரிலும் வசவு வாங்கிய மனிதர். நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். "சூரிய இடைவேளை" என்று சொல்லிவிட்டுப் பை வாங்கப் போய்விட்டார்.

இருபது நிமிஷம் எல்மர் மண்டி போட்டபடியே இருந்தான். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அவனைச் சுற்றி நின்றது. பாதிரியார் உடம்பு என்றார். தீவனக் கடைக்காரர் சாமான் என்றார், அவருக்கு டில்லர்டில் சம்பந்தி. லொரீன் அண்ணனுக்குக் கரண்டியில் பை ஊட்டினாள்.

"ஆடாம தின்னு. உள்ள வேற எதுவும் இருக்கான்னு பாக்கட்டுமா? போன மாசம் என் சீப்பு ஒண்ணு காணாமப் போச்சு."

"சிரிக்க வெக்காத. பந்து விழுந்துரும்."

ஹாப்ஸன் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "எல்மர், ராத்திரி படுக்கும்போது இதக் கழட்டி ஆணியில மாட்டுவியா?"

"முடிஞ்சா மாட்ட மாட்டேனா?"

"அப்ப ஒடம்பு. ஆனா ஒடம்புல பட்டா மட்டும் பத்தாது. யாராவது ஆட்டக்காரன் கையில பந்து வரணும். தரையத் தொடாம."

எல்மர் பந்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டரை மாதத்துக் கீல். யாரோ கத்திரிக்கோலை நீட்டினார்கள்.

"கிட்ட கொண்டு வராத," என்றான் எல்மர். "மாப்ள ஜெயிக்காம இதுல கத்திரி படாது."

"பந்து வராம அவன் ஜெயிக்க முடியாதே," என்றார் ஹாப்ஸன்.

கூட்டம் ஒரு கணம் யோசித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. க்ரோலும் சிரித்தார். டெல்பர்ட் சிரிக்கவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எல்மருக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

"நானும் ஆட்டக்காரன்தானே?"

"ஆமா," என்றார் ஹாப்ஸன்.

"மச்சான், மூணு எண்ணுவேன்."

"மெதுவா மாப்ள."

"ஒண்ணு," என்று சொல்லி இழுத்துவிட்டான்.

எல்மர் போட்ட சத்தத்தில் தானியக் கிடங்கின் மேலிருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பின. டெல்பர்ட் கையில் பந்து இருந்தது. பந்தோடு உள்ளங்கையளவு தாடியும் இருந்தது. ஹாப்ஸன் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தினார். "அவுட்."

பத்து நிமிஷத்துக்கு ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஹாப்ஸன் சட்டைப்பையிலிருந்து சவப்பெட்டிக் கடைக்காரரின் கடிதத்தை எடுத்து, லீக் கலைந்தது என்று முறைப்படி வாசித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. எல்மர் கடையிலிருந்து சவர நாற்காலியையே தூக்கி வந்து போட்டுவிட்டார்கள். டெல்பர்ட் சவரக் கத்தியை எடுத்தான்.

"அதக் கீழ வை," என்றான் எல்மர். "உன் குறி எப்படின்னு பதினாலு ஆட்டம் முன்னாடி உக்காந்து பாத்தவன் நான். லொரீன்கிட்ட குடு."

டில்லர்ட்காரர்கள் சவரம் முடியும் வரை கிளம்பவில்லை. இருட்டிவிட்டது. டெல்பர்ட் லாரியை முன்னால் விட்டு, ஒற்றை விளக்கு பஸ்ஸை அவர்கள் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். பந்து பக்கத்து இருக்கையில், தாடியோடு.

மறுநாள் ஞாயிறு. மேசைக்கு எதிரே வழவழவென்ற முகம், அதில் ஒரே ஒரு சிவந்த வட்டம். எல்மர் மூன்றாவது முறையாகக் குழம்பு ஊற்றிக்கொண்டான்.

"அடுத்த வருஷமும் லீக் இருந்திருந்தா நல்லா எறிஞ்சிருப்பேன் மச்சான். இப்பதான் கை பழகுச்சு."

எல்மர் தாடையைத் தடவினான். "அந்த சவப்பெட்டிக்காரரு நல்லா இருக்கணும்," என்றான்.