எட்டாவது வேட்டு

"ஆரெண்டு கேட்டனியோ, பிள்ளை?"

"ஆரைக் கேக்கிறது ஐயா? அவங்கள் பள்ளிக்கூடத்தடியில நிக்கிறாங்கள். கிட்டப் போகேலாது."

"இது எங்களை அடிக்கவெண்டு வந்த ஆமி இல்லை. நாங்கள் மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தது. பிழையாத்தான் விழுந்திருக்கும். பிழையெண்டால் அதைச் செய்தவன் ஒருத்தன் இருப்பான். அவனைக் கேள். கேட்டு எழுத்தில வாங்கு."

"இப்ப ஏன் ஐயா அது? கொஞ்சம் தண்ணி குடியுங்கோ."

"எழுதி வைக்காட்டில் நடக்கவே இல்லையெண்டு சொல்லிப்போடுவாங்கள். சும்மா விட்டிடாதை."

அதுதான் தவமலரும் அவள் அப்பாவும் கடைசியாகப் பேசியது. கனகசபை முப்பத்தோரு வருஷம் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஒரு பனைமரம் கைமாறினால்கூட எழுதிக் கையெழுத்து வாங்கிப் பழகியவர். தன் மனைவியும் இளைய மகளும் வீட்டோடு சரிந்து கிடக்க, தனக்கும் வயிற்றில் ஷெல் சிதறல் பாய்ந்திருக்க, அப்போதும் எழுத்தையே கேட்டார். மறுநாள் காலையில் போய்விட்டார். ஷெல் விழுந்த நேரத்தில் அடுத்த வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த தவமலர் மட்டும் மிஞ்சினாள்.

இது இந்த நாட்டு அமைதிப்படை அங்கே போயிருந்த எண்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில், கடலுக்கு அந்தப் பக்கம், நெல்லியங்குளத்தில் நடந்தது. பிறகு படகேறி வந்து, பெரம்பலூரை ஒட்டிய அகதி முகாமில் சேர்ந்தாள். பதிவு எழுதியவர், இறந்தவர்களைப் பற்றி ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். 'இறந்த விதம்' என்ற கட்டத்தில் அவர் பேனாவால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கோடு.

அந்தக் கோட்டை அவள் மறக்கவே இல்லை.

முகாமிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் சிறுவாச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கல் குவாரிக்கு வேலைக்குப் போனார்கள். தவமலரும் போனாள். முதல் நாள் வேட்டுச் சத்தம் கேட்டதும் தலையிலிருந்த கல்கூடையைப் போட்டுவிட்டுத் தரையில் குப்புற விழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவன் சாமிதுரை மட்டும்தான்.

சாமிதுரை குவாரியின் வேட்டுக்காரன். அரியலூர்ப் பக்கம் ஊர். பட்டாளத்தில் இருந்து, முழங்காலில் அடிபட்டுத் திரும்பியவன். முப்பத்து நாலு வயது, கல்யாணமாகவில்லை. எல்லோரும் 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாறையில் துளைத்த குழிகளில் தோட்டாவைத் திணித்து, திரி வைத்துப் பற்றவைப்பது அவன் வேலை. குவாரியில் பெண்களை 'ங்க' போட்டுப் பேசுகிற ஒரே ஆம்பளையும் அவன்தான்.

"இந்தப் பொண்ணு கல்லு தூக்க வேணாம் மேஸ்திரி. மேட்டுல நிக்கட்டும், செவப்புக் கொடி புடிக்கட்டும்" என்றான் வைரக்கண்ணு மேஸ்திரியிடம்.

"பயப்படற பொம்பளையப் போய்க் கொடி புடிக்க வெக்கிறியே?"

"பயப்படற ஆளுதான் கவனமா பாக்கும்."

அப்படித்தான் அவள் கையில் கொடியும் விசிலும் வந்தன. வேட்டுக்கு முன்னால் மூன்று தடவை நீளமாக விசில் ஊத வேண்டும். ஆடு மேய்ப்பவர்கள், வண்டிப் பாதையில் போகிறவர்கள் எல்லோரையும் விரட்ட வேண்டும். எத்தனை குழி வைத்தார்களோ அத்தனை வெடி கேட்க வேண்டும். கேட்ட பிறகு வேட்டுக்காரன்தான் முதலில் பள்ளத்துக்குள் இறங்குவான். அவன் சுற்றிப் பார்த்துக் கை காட்டினால்தான் மற்றவர்கள். ஒன்று குறைந்தாலும் ஒருவரும் இறங்கக் கூடாது. வெடிக்காத குழியில் திரி உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு கிடக்கும். எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் பத்துக் குழி. சாமிதுரை பத்து என்று எண்ணி எழுந்துவிட்டான். தவமலர் கத்தினாள்: "ஒன்பதுதான்! ஒன்பதுதான் வெடிச்சது!" அவன் நின்றான். கால் மணி நேரம் கழித்துப் பத்தாவது வெடித்தது. அன்று மாலை கொடியை வாங்கி வைக்கும்போது மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு எடது காது கேக்காதுங்க. சோத்துக் கைப்பக்கக் காதும் அரைகொறைதான். மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாரு. நீங்க எண்ணிச் சொல்றீங்களா?"

அதுமுதல் அவள் மேட்டிலிருந்து விரலால் காட்டுவாள். அவன் கீழே மறைப்புக் கல்லுக்குப் பின்னாலிருந்து பார்ப்பான். காது ஏன் கேட்காது என்று அவள் கேட்கவில்லை. கல்லுடைக்கிற சத்தம் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

ஊர்ப் பனங்கிழங்கைப் பற்றி அவள் குவாரியில் கூடக் கல் சுமக்கிற காத்தாயியிடம் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னாள். அடுத்த வாரம் அரியலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு வந்தது. வெயில்காலம் வந்தபோது மேட்டில் ஒரு குடை வந்தது. ஆவணி பிறந்ததும் காத்தாயி தூது வந்தாள்.

"ஏ புள்ள, மிலிட்டரி ஒன்னயக் கட்டிக்கறேங்குது. நொண்டிக் காலுதான், ஆனா பொழைக்கிற காலு. என்னா சொல்ற?"

"யோசிச்சுச் சொல்லுறன் அக்கா."

"ரொம்ப யோசிக்காத. எம் புருசனப் பத்தி நான் யோசிச்சிருந்தா இன்னும் கன்னி கழியாமதான் நின்னுருப்பேன்!"

தவமலர் சிரித்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. 'ஓம்' என்று சொல்லிவிடத்தான் இருந்தாள். எந்தச் சேலையைக் கட்டிக்கொள்வது என்றுகூட மனசுக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் சாமிதுரை வந்து உட்கார்ந்தான்.

"ஒரு சங்கதிய மறைச்சுட்டுத் தாலி கட்டக் கூடாதுன்னு பாக்குறேங்க. நானும் ஒங்க நாட்டுக்கு வந்திருக்கேன். சண்டைக்கு."

அவள் கை நின்றது. "எங்க?"

"சரசாலைப் பக்கம் மொதல்ல. அப்பறம் நெல்லியங்குளம். பள்ளிக்கூடத்து மைதானத்துல மோட்டார் வெச்சிருந்தோம். குண்ட மேல தூக்கி அடிக்கிற குழாய். இந்தக் காதெல்லாம் அதுல போனதுதான்."

"எப்ப?"

"ஐப்பசி. தேதி சரியா நெனவில்ல. விடியக்காலம் தண்ணித் தொட்டிப் பக்கத்துலேருந்து சுடுறாங்கன்னு வயர்லெஸ்ல வந்துச்சு. அவங்க நம்பர் சொல்லுவாங்க. நாங்க குழாயைத் திருப்பி வெப்போம். குண்டப் போடுவோம். அது எங்க விழுதுன்னு நமக்குத் தெரியாது. 'சரி'ன்னா நிறுத்துவோம், 'தள்ளு'ன்னா தள்ளுவோம்."

"எத்தினை போட்டனீங்கள்?"

"எண்ணலைங்க. அங்க யாரு எண்ணுனா?"

தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே மூன்றாவது வீடு அவளுடையது. நீலக் கேட்டு. வாசலில் தங்கை வைத்த செவ்வரத்தைச் செடி.

அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தூக்கமே வருவதில்லை என்றான், அந்த ஊர்ப் பெண்ணுக்கு ஒரு நல்ல வாழ்க்கை கொடுத்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன் என்றான். அவள் தூக்குவாளியை மூடினாள். எழுந்து மேட்டுக்குப் போனாள். அவன் கொடுத்த குடை அங்கே கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கினாள்.

மனசு ஆறுமாம். என் அம்மாவின் பிணத்தின்மேல் ஏறி நின்று இவனுக்கு மனசு ஆற வேண்டுமாம். பனங்கிழங்கு தின்ற வாயைக் கல்லால் தேய்த்துக் கழுவ வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கனகசபை கேட்ட 'ஆர்' தினமும் அவள் கையிலிருந்து கொடியை வாங்கி வைத்திருக்கிறான். அவளும் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காத்தாயி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு? சாயங்காலம் சிறுவாச்சூரு போவமா? வெள்ளிக்கெழம, அம்மன் கோயிலு தொறந்திருக்கும். ஆத்தாகிட்ட ஒரு மாவெளக்கப் போட்டுட்டுச் சரின்னு சொல்லிடு."

"உங்கட காளி கேட்டதெல்லாம் குடுப்பாவோ அக்கா?"

"நியாயமாக் கேட்டா குடுக்கும்."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் காத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. என்ர நியாயத்தை இப்பவே கேக்கிறன்" என்றாள் தவமலர். காத்தாயிக்கு அது விளங்கவில்லை.

அன்றைக்கு எட்டுக் குழி. பத்து மணிக்கு மேல் அவள் மூன்று தடவை விசில் ஊதினாள். பெண்கள் எல்லோரும் ஷெட்டுக்குப் பின்னால் போனார்கள். சாமிதுரை ஒவ்வொரு திரியாகப் பற்றவைத்துவிட்டு, நொண்டி நொண்டி மறைப்புக் கல்லுக்குப் போனான். எப்போதும்போல அங்கிருந்து மேட்டைப் பார்த்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று. புழுதி எழுந்தது. நாலு, ஐந்து சேர்ந்தாற்போல் வந்தன, ஆனால் இரண்டுதான். அவள் காதுக்குத் தப்பாது. ஆறு. கொஞ்சம் இடைவெளி விட்டு ஏழு.

எட்டு வரவில்லை.

அவள் காத்திருந்தாள். புழுதி அடங்கியது. ஒரு காக்கை திரும்பி வந்து பாறையில் உட்கார்ந்தது. எட்டு வரவில்லை.

நியாயமாகக் கேட்டால் குடுக்கும் என்றாளே காத்தாயி. கோயிலுக்குப் போவதற்கு முன்பே குடுத்துவிட்டாள் காளி.

கீழே சாமிதுரை தலையைத் தூக்கி, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தவமலர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வலது கையை உயர்த்தினாள். ஐந்து விரலையும் விரித்தாள். மடக்கினாள். பிறகு ஒரு விரல், இரண்டு விரல்.

மூன்றாவது விரலையும் நீட்டினாள்.

அவன் தலையை ஆட்டினான். மறைப்பிலிருந்து வெளியே வந்து பள்ளத்துக்குள் இறங்க ஆரம்பித்தான். ஒரு கேள்வி இல்லை, ஒரு தயக்கம் இல்லை. குனிந்து, காலடியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தான்.

நட, என்று அவள் நினைத்தாள். நடடா. எட்டாவது குழி இடதுபக்க ஓரத்தில். பத்தடி. ஒருவருக்கும் தெரியாது. காது கேட்காத வேட்டுக்காரன், தப்பாக எண்ணினான், செத்தான் என்று சொல்வார்கள். மேஸ்திரி போலீசுக்கு எழுதிக் கொடுப்பார். எப்படி இறந்தான் என்கிற கட்டத்தில்...

ஒரு கோடு போடுவார்கள்.

நீட்டிய மூன்று விரல்களும் இன்னும் மேலேயே இருந்தன. அவற்றைப் பார்த்தாள். கையில் இரத்தம் இல்லை, புழுதிகூட இல்லை. தூரத்தில், உயரத்தில் நின்றுகொண்டு ஒரு நம்பர் சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டு நடக்கிறான். அன்றைக்கு வயர்லெஸ்காரனும் இப்படித்தான் நின்றிருப்பான், எங்கோ, சுத்தமான கையோடு. சாகிறவனுக்கு யார் அடித்தார்கள் என்று தெரியாது. அவனுடைய அம்மா அரியலூரிலிருந்து வந்து, ஆரைக் கேட்பது என்று இந்த மேட்டைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

இவனுக்கு அவ்வளவு லேசான சாவா? ஏன் என்று தெரியாமல், தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே சாகிற சாவா?

விசிலை வாயில் வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். நெஞ்சு எரிகிறவரை ஊதினாள். சாமிதுரை எட்டாவது குழிக்கு நாலடி தூரத்தில் நின்றான், திரும்பினான். அவள் ஐந்து விரலைக் காட்டினாள். பிறகு இரண்டு. மறுபடியும் ஐந்து, இரண்டு. கொடியை எடுத்துத் தலைக்கு மேல் வீசினாள்.

அவன் நொண்டிக் காலோடு ஓடிய ஓட்டத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"என்னாடி ஆச்சு?" ஷெட்டிலிருந்து காத்தாயி கத்தினாள்.

"ஒண்டு வெடிக்கேல்லை! ஆரும் இறங்காதேங்கோ!"

சாமிதுரை மேட்டில் ஏறி வந்தான். சட்டை முழுக்க வியர்வை. அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"மொதல்ல எட்டு காமிச்சீங்க."

"ஓம்."

"தப்பா எண்ணிட்டீங்களா?"

"இல்லை. ஏழெண்டு தெரிஞ்சுகொண்டுதான் எட்டுக் காட்டினனான்."

கீழே வெடிக்காத குழி கிடந்தது. அரைமணி நேரம் இனி யாரும் அசைய முடியாது. காவல் நிற்க வேண்டிய அவனும் எழுந்து போக முடியாது, அவளும் போக முடியாது.

"ஏங்க?" என்றான் கடைசியில்.

"தண்ணித் தொட்டிக்குக் கிழக்கால மூண்டாவது வீடு. நீலக் கேட்டு. அம்மா சிவபாக்கியம், அம்பத்திரண்டு வயசு. தங்கச்சி யோகமலர், பத்தொன்பது. ஐயா கனகசபை அடுத்த நாள் காலமை வரைக்கும் உயிரோட இருந்தவர். ஒரு கல்லை உடைக்க எட்டுக் குழி வைச்சு, எட்டும் வெடிச்சதோ எண்டு எண்ணுறீங்கள். மூண்டு தரம் விசில் ஊதச் சொல்லுறீங்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும். எங்களுக்கு ஆர் ஊதினது?"

அவன் வாயைத் திறந்தான். தெரியாதுங்க, நாங்க பார்க்கலைங்க என்று ஏதோ தொடங்கினான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அதைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இல்லை, போதவும் இல்லை.

"என்னய என்ன வேணா செய்யுங்க" என்றான் கைகளுக்குள்ளிருந்து. "இப்பவே கீழ எறங்கிடட்டுமா?"

"அழுதுபோட்டுச் செத்துப்போறது சுகம். அந்தச் சுகத்தை உங்களுக்கு நான் தரமாட்டன்."

இரண்டு வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்த அப்பாவின் வார்த்தை மேலே வந்தது. முகாமில் பதிவு எழுதியவரிடம் கேட்கவில்லை. வந்து போன அதிகாரிகளிடம் கேட்கவில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாததால் கேட்கவில்லை. இப்போது கேட்க வேண்டியவன் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் கொடிக் கம்பை மண்ணில் ஊன்றினாள். குடை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் மேஸ்திரி வைத்துவிட்டுப் போயிருந்த வேலையாட்களின் வருகைப்பதிவு நோட்டை எடுத்து, எழுதாத ஒரு பக்கத்தைப் பிரித்து, பென்சிலோடு அவன் மடியில் போட்டாள்.

"இந்தக் கல்யாணம் நடக்காது. உங்கட பென்சன் போகலாம், பிடிச்சுச் சிறையிலயும் போடலாம், ஊரில ஒருத்தரும் உங்கட முகத்தில முழிக்காமலும் போகலாம். எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறன்" என்றாள் தவமலர். "அண்டைக்கு விடிய எந்த இடத்தில நிண்டு அடிச்சனீங்கள், ஆர் நம்பர் சொன்னது, எத்தினை குண்டு போட்டனீங்கள், எங்கட வீட்டில ஆரார் செத்தது, எல்லாத்தையும் எழுதுங்கோ. எழுதிக் கீழ உங்கட பேரைப் போட்டு, கையெழுத்து வைச்சு, என்ர கையில தாங்கோ."